இஎஸ்ஐ கட்டத்தில் டிக் அடிக்கும் முன்: எச்ஆர்எம்எஸ் சாம்பிளுக்கு எந்த அயனி மூலம்?

எச்ஆர்எம்எஸ், அதாவது மூலக்கூறின் நிறையை மிகத் துல்லியமாக அளக்கும் நிறைநிறமாலை, எடுக்க எங்களிடம் வருகிறவர்கள் சாம்பிளோடு ஒரு படிவமும் நிரப்பித் தர வேண்டும். பெயர், வழிகாட்டி, கரைப்பான், எதிர்பார்க்கும் நிறை எல்லாம் போக, ‘அயனியாக்கும் முறை’ என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். இஎஸ்ஐ, ஏபிசிஐ, ஏபிபிஐ, மால்டி, இஐ என்று, மூலக்கூறுக்கு மின்சுமை ஏற்றும் முறைகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலானோர் யோசிக்காமல் ‘இஎஸ்ஐ பாசிட்டிவ்’ (நேர்மின் அயனி) என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். சீனியர் அப்படித்தான் அடித்தார், அவருடைய சீனியரும் அப்படித்தான். ஊரில் இஎஸ்ஐ என்றால் ஆஸ்பத்திரி. இங்கேயும் கதை அதேதான்: தலைவலியோ கால்வலியோ, முதலில் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள்.

பல நேரம் அது சரியாகவும் வந்துவிடுகிறது. வராத அன்றைக்குத்தான், “அண்ணா, மாஸ் வரலை. மெஷின்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். மெஷினில் பிரச்சினை இருக்கும் நாட்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அநேகமாக அந்தச் சாம்பிளும் அந்த சோர்ஸும் (அயனி மூலமும்) ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. ஆர்பிட்ராப்போ கியூடாஃபோ, நான்கு தசம இடம் வரை நிறையை அளக்கும் கருவியாக இருந்தாலும், அது அளப்பது அயனியைத்தான். மின்சுமை ஏறாத மூலக்கூறு அதன் கண்ணுக்கே தெரியாது. பிரிதிறன் (நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன்) ஒரு லட்சம் இருந்தாலும், உள்ளே அயனி வரவில்லை என்றால் திரையில் வெறும் புல்தரைதான்.

அதனால் படிவத்தை நிரப்பும் முன் மூலக்கூறின் படத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது மின்சுமையை எங்கே சுமக்கும்? புரோட்டானைப் பிடித்துக்கொள்ள நைட்ரஜன் இருக்கிறதா? புரோட்டானை விட்டுக்கொடுக்க அமிலமோ ஃபீனாலோ இருக்கிறதா? இரண்டும் இல்லையா? மற்ற எல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் வரும்.

ஒரு 369, இன்னொரு 369

யாரிடமும் கிடைக்கக்கூடிய இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று மஞ்சளிலிருந்து வரும் குர்குமின். மற்றது கொலஸ்ட்ரால்.

குர்குமினின் வாய்பாடு சி21எச்20ஓ6. இதை மெத்தனாலில் கரைத்து, துளி ஃபார்மிக் அமிலம் விட்டு இஎஸ்ஐ பாசிட்டிவில் விட்டால் 369.1333-ல் புரோட்டான் ஏறிய அயனி வரும். பக்கத்திலேயே 391.1152-ல் சோடியம் ஒட்டிக்கொண்டதும் நிற்கும். சோடியத்தை நாம் போட வேண்டியதில்லை. கண்ணாடிக் குப்பியே கொடுத்துவிடும். அதே கரைசலை, அமிலம் இல்லாமல், எதிர்மின் அயனிகளைப் பார்க்கும் நெகட்டிவில் விட்டுப் பாருங்கள். ஃபீனாலும் ஈனாலும் இருப்பதால் புரோட்டான் எளிதாகக் கழன்று 367.1187-ல் சுத்தமான ஒற்றை பீக் (கூர்முனை) கிடைக்கும். பின்னணி இரைச்சலும் நெகட்டிவில் பொதுவாகக் குறைவு. ஃபீனால், கார்பாக்சிலிக் அமிலம், சல்ஃபோனிக் அமிலம் வைத்திருப்பவர்கள் ஏன் இந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சோர்ஸைக் கழற்ற வேண்டாம், கூடுதல் செலவில்லை. மென்பொருளில் ஒரு சொடுக்குதான்.

இப்போது கொலஸ்ட்ரால், சி27எச்46ஓ. அதே மெத்தனால், அதே இஎஸ்ஐ பாசிட்டிவ். எதிர்பார்ப்பது 387.3621. அங்கே ஒன்றும் இருக்காது, அல்லது இருக்கிறதா இல்லையா என்று விவாதிக்கும் அளவுக்கு ஏதோ இருக்கும். ஒரே ஒரு ஹைட்ராக்சில், மற்றதெல்லாம் கொழுப்பு வளையம். புரோட்டானை வாங்கி வைக்க இடமில்லை. ஆனால் திரையில் 391 மட்டும் கம்பீரமாக நிற்கும். தசமத்தைப் பாருங்கள்: 391.2843. இது டையாக்டைல் தாலேட், பிளாஸ்டிக்கை மிருதுவாக்கப் போடும் பொருள். குழாயிலிருந்தோ மூடியிலிருந்தோ கரைப்பானில் இறங்கி வந்தது. குர்குமினின் சோடியம் பீக்கும் 391, இந்த அழுக்கும் 391. முழு எண்ணை மட்டும் காட்டும் கருவியில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இங்கே 0.17 இடைவெளி இருப்பதால் குழப்பமே இல்லை. ஹைட்ரஜன் நிறைய இருந்தால் தசமம் ஏறும் (ஒரு ஹைட்ரஜன் 1.0078), ஆக்சிஜன் நிறைய இருந்தால் இறங்கும் (ஒரு ஆக்சிஜன் 15.9949). இதைக் கண் பழக்கிக்கொண்டால் கணக்குப் போடும் முன்பே அழுக்கைக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, கொலஸ்ட்ராலுக்கு என்ன வழி? இஎஸ்ஐ முனையைக் கழற்றி ஏபிசிஐ முனையை மாட்டுவதுதான். மாட்டிவிட்டால் 369.3516-ல் பெரிய பீக் வருகிறது. ஆம், மறுபடியும் ஒரு 369. புரோட்டான் ஏறியதும் தண்ணீர் ஒன்று கழன்று போய், மிச்சம் சி27எச்45 அயனி. ஸ்டீராய்டு, டிரைடெர்பீன் ஆல்கஹால்களில் இது வழக்கம். பீட்டா சிட்டோஸ்டெரால் 415-ல் வராமல் 397.3829-ல்தான் வரும். “387 வரலையே, அப்ப ஃபெயிலா?” என்று ஒரு மாணவி கேட்டார். ஃபெயில் இல்லை. தண்ணீர் இழந்த அயனி என்று குறித்து, அதற்கான வாய்பாட்டையும் கணக்கிட்ட நிறையையும் எழுதினால் ஆய்விதழ்கள் ஏற்றுக்கொள்ளும். அந்த மாணவி அதற்கு முன் மூன்று முறை இஎஸ்ஐ-யில் கொடுத்து, மூன்று முறையும் சேர்மத்தை மறுபடி காலம் (நிறப்பிரிகைக் குழாய், column) போட்டுச் சுத்தம் செய்திருந்தார். சேர்மம் முதல் நாளே சுத்தமாகத்தான் இருந்தது.

இஎஸ்ஐ ஏன் ராஜா, எங்கே சறுக்கும்

இஎஸ்ஐ-யைக் குறை சொல்வதுபோல் ஆகிவிட்டது. அது நோக்கமில்லை. மின்புலத்தில் கரைசலைத் தெளித்துப் பெரிய மூலக்கூறுகளைப் பறக்கவிடலாம் என்று மால்கம் டோல் 1968-லேயே முயன்றார். ஜான் ஃபென் 1980-களில் யேல் பல்கலைக்கழகத்தில் அதை ஒழுங்கான முறையாக்கினார். 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. வேலை செய்யும் விதம் எளிது. மூன்று நான்கு கிலோவோல்ட் கொடுத்த நுண்குழாயின் முனையில் கரைசல் கூம்பாக இழுபட்டு, நுண்துளிகளாகச் சிதறுகிறது. சூடான நைட்ரஜனில் கரைப்பான் ஆவியாக ஆகத் துளி சுருங்கும், மின்சுமை நெருக்கியடிக்கும், துளி மேலும் சிதறும். கடைசியில் அயனி தனியாக வெளியே வரும். மூலக்கூறை உடைக்கும் அளவுக்கு ஆற்றல் எங்கேயும் ஏறுவதில்லை. அமீன், அமைடு, பெப்டைடு, நியூக்ளியோடைடு, உலோக அணைவுச் சேர்மம் எல்லாமே முழுசாக வந்து சேரும்.

பெரிய மூலக்கூறுகளில்தான் இதன் அசல் வித்தை. முட்டை வெள்ளையிலிருக்கும் லைசோசைம் சுமார் 14,305 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு). பெரும்பாலான ஆர்பிட்ராப்புகள் அந்த எண் வரை நேரடியாக அளக்காது. ஆனால் இஎஸ்ஐ அதன் மேல் பத்துப் புரோட்டான்களை ஏற்றிவிட்டால் நிறையை மின்சுமையால் வகுத்த விகிதம் (கருவி அளப்பது இதைத்தான்) 1431.5 ஆகிவிடும், அது சாதாரணக் கருவிக்கே எட்டும் தூரம். ஐசோடோப்பு பீக்குகள் 0.1 இடைவெளியில் வரிசையாக நின்றால் மின்சுமை பத்து என்று எண்ணியே சொல்லிவிடலாம். வேறு எந்த சோர்ஸிலும் இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மேலே பார்த்த கொலஸ்ட்ரால் ரகம். மற்றது, கூட்டத்தில் சத்தம் போடுகிறவன் பேச்சு மட்டும் கேட்பது. நுண்துளியில் மின்சுமைக்கு அளவு உண்டு. மேற்பரப்பில் எளிதாக ஏறிக்கொள்ளும் அயனி இருந்தால் அதுவே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். பாஸ்பேட் பஃபர், உப்பு, சோப்பு எல்லாம் இப்படி உங்கள் பீக்கை அமுக்கிவிடும். டிரைஎத்திலமீன் போட்டுக் காலம் செய்தவர்களுக்கு 102.1277 பழக்கமாகியிருக்கும். எனக்குப் பயம் அதைவிட 242.2842. சிலைல் பாதுகாப்பை நீக்க டிபிஏஎஃப் என்ற வினைப்பொருளைப் போட்டு, நன்றாகக் கழுவாமல் கொண்டுவந்தால் வரும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் அது. அதற்குப் புரோட்டான்கூடத் தேவையில்லை, பிறவியிலேயே மின்சுமையோடு வருவது. ஒரு சாம்பிளில் வந்தால் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் பத்துப் பேரின் நிறமாலையிலும் தலைகாட்டும். ஐசோபுரொப்பனால், அசிட்டோநைட்ரைல், தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கழுவினாலும் லேசில் போகாது.

இன்னொன்று: குப்பியின் அடி மறைய மஞ்சளாகக் கரைத்துக்கொண்டு வராதீர்கள். மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவே போதும். அதிகமாக இருந்தால் டிடெக்டர் திணறி, நிறையே நகர்ந்து காட்டும். கணக்கிட்ட நிறைக்கு ஐந்து பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) வராமல் போவதற்கு அளவு கூடிப்போனதும் ஒரு காரணம். 369.1333-க்கு ஐந்து பிபிஎம் என்பது 0.0018 மட்டுமே.

இங்கேயே இன்னொரு வழக்கமான தப்பையும் சொல்லிவிடுகிறேன். வரையும் மென்பொருள் தரும் நடுநிலை மூலக்கூறின் நிறையோடு ஹைட்ரஜன் அணுவின் 1.0078-ஐக் கூட்டிவிடுகிறார்கள். கூட்ட வேண்டியது புரோட்டானின் 1.0073. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு எலெக்ட்ரான், 0.00055. குர்குமினில் அது 1.5 பிபிஎம், 178-ல் வரும் ஆந்த்ரசீனில் மூன்று பிபிஎம். அதாவது, கிடைத்த ஐந்து பிபிஎம் சலுகையில் பாதிக்கு மேல் ஒரு எலெக்ட்ரானுக்கே போய்விடுகிறது.

ஏபிசிஐ, ஏபிபிஐ

ஏபிசிஐ-யில் கரைசலை முதலில் 350 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஆவியாக்குகிறோம். எதிரே ஒரு ஊசியில் கொரோனா மின்னிறக்கம். அந்த ஊசி முதலில் அயனியாக்குவது நைட்ரஜனையும் கரைப்பான் ஆவியையும். அவைதான் புரோட்டானை உங்கள் மூலக்கூறிடம் கொடுக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் ஹார்னிங் குழு உருவாக்கியது இது. வினை வாயு நிலையில் நடப்பதால் கரைசலில் புரோட்டான் பிடிக்காத மூலக்கூறுகளும் பிடித்துக்கொள்கின்றன. ஸ்டீரால், கரோட்டினாய்டு, வைட்டமின் டி, எஸ்டர், கீட்டோன், பெரும்பாலான டெர்பீனாய்டுகள் எல்லாம் இதன் ஆட்கள். உப்பு அமுக்குவதும் இஎஸ்ஐ அளவுக்கு இருக்காது.

விலை, சூடு. கிளைக்கோசைடு கொடுத்தால் சர்க்கரை கழன்று அடிப்பகுதி மட்டும் வந்து நிற்கும். பெராக்சைடு, அசைடு பற்றிச் சொல்லவே வேண்டாம். பல மின்சுமை ஏறாது, ஆவியாகாதது வராது, ஆகவே 1,500 டால்டனுக்கு மேல் நம்ப வேண்டாம். புரதத்தை இதில் கேட்டு ஒருவர் சண்டை போட்டிருக்கிறார்.

மின்னூசிக்குப் பதில் கிரிப்டான் விளக்கை வைத்தால் ஏபிபிஐ. 2000-ல் வெளியான முறை. விளக்கின் ஃபோட்டான் ஆற்றல் 10.0, 10.6 எலெக்ட்ரான்வோல்ட். நைட்ரஜன், தண்ணீர், மெத்தனால், அசிட்டோநைட்ரைல் இவற்றை அயனியாக்க அது போதாது, அரோமேட்டிக் வளையங்களுக்குப் போதும். அதனால் பின்னணி அடங்கிவிடும். டொலுவீனைக் கொஞ்சம் கலந்துவிட்டால் அது முதலில் அயனியாகி மற்றவற்றுக்கும் கைமாற்றிவிடும். கச்சா எண்ணெய், தார், பல வளைய ஹைட்ரோகார்பன் இவற்றோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சோர்ஸ் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இங்கே சோர்ஸைத் தேர்ந்தெடுத்தால் கருவியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பென்சோபைரீன், சி20எச்12. ஏபிபிஐ-யில் இது எலெக்ட்ரான் இழந்த அயனியாக 252.0934-லும் வரும், புரோட்டான் ஏறிய அயனியாக 253.1012-லும் வரும். முதலாவதின் கார்பன்-13 பீக் 253.0967. இரண்டுக்கும் நடுவே 0.0045தான். இவற்றைப் பிரிக்க 56,000 அளவில் பிரிதிறன் வேண்டும். முப்பது நாற்பதாயிரத்தில் ஓடும் கியூடாஃப் இரண்டையும் ஒட்டிவைத்து நடுவில் ஒரு பொய் நிறையைக் காட்டும். ஆர்பிட்ராப்போ எஃப்டி-ஐசிஆரோ (வலுவான காந்தத்துக்குள் அயனியைச் சுழலவிட்டு அளக்கும் கருவி) இருந்தால் கவலையில்லை. கச்சா எண்ணெயில் ஒரே எண்ணில் பல சேர்மங்கள் வந்து குவியும் என்பதால்தான், அலன் மார்ஷல் குழு அமெரிக்காவின் டல்லஹாசியில் பெரிய காந்தங்களோடு எஃப்டி-ஐசிஆரை வைத்து அந்த வேலையைச் செய்தது.

மால்டி

இதற்கு ஒரு தவறு நடந்த கதை உண்டு. கியோட்டோவில் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலை பார்த்த கொய்ச்சி தனாகா, நுண்ணிய கோபால்ட் தூளில் கவனக்குறைவாக கிளிசராலை ஊற்றிவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அதையே லேசரில் வைத்துப் பார்த்தபோது, உடையாத மூலக்கூறு பீக் வந்தது. அந்த வழியில் போய் 1987-ல் புரதங்களைக் காட்டினார். ஃபென்னோடு 2002 நோபல் பரிசைப் பகிர்ந்தார். இன்று நாம் செய்வது ஜெர்மனியின் ஹில்லன்காம்ப், காராஸ் இருவரும் வகுத்த முறை: சேர்மத்தோடு லேசரை உறிஞ்சும் சிறிய கரிம அமிலத்தை, அதாவது மேட்ரிக்ஸை, கலந்து உலோகத் தட்டில் ஒரு பொட்டு வைத்து உலரவிட்டு லேசரால் சுடுவது.

பாலிமர், டென்ட்ரிமர், பார்ஃபிரின், ஃபுல்லரீன், கொஞ்சம் உப்போடு வரும் பெப்டைடு என்றால் மால்டி. ஒற்றை மின்சுமையே வருவதால் பாலிமரின் ஏணிப்படி தெளிவாகத் தெரியும்; இஎஸ்ஐ-யில் அதே பாலிமர் பல மின்சுமைகளோடு வந்து நூல்கண்டுச் சிக்கலாகிவிடும். பாலிஸ்டைரீனுக்கு வெள்ளி உப்பு சேர்க்க மறக்காதீர்கள், அதற்கு வேறு பிடிமானம் இல்லை.

குர்குமின் அளவுச் சேர்மங்களுக்கு மால்டி கேட்டால் நான் வேண்டாம் என்பேன். பெரும்பாலும் போடும் சயனோ சின்னமிக் அமில மேட்ரிக்ஸ் 172.0393, 190.0499, 379.0925 என்று தன் பீக்குகளையே ஊர்வலம் விடும். ஐந்நூறுக்குக் கீழே உங்கள் பீக் அந்தக் கூட்டத்தில் தேட வேண்டியதுதான். அப்புறம் துல்லியம்: நேர்க்கோட்டு டாஃப் கருவிகளில் பொட்டின் மேடுபள்ளம்கூட அயனி பறக்கும் நேரத்தை மாற்றும். பக்கத்துப் பொட்டில் நிறை தெரிந்த அளவுத்திருத்தச் சேர்மம் வைத்துச் சரிசெய்யாமல் எடுத்த எண்ணை எச்ஆர்எம்எஸ் என்று எழுத எனக்குக் கை வராது.

இஐ

எல்லாவற்றிலும் மூத்தது. வெற்றிடத்துக்குள் சூடான இழையிலிருந்து 70 எலெக்ட்ரான்வோல்ட் எலெக்ட்ரான்கள், எதிரே ஆவி நிலையில் மூலக்கூறு. அயனியாக்கப் பத்து சொச்சமே போதும் என்னும்போது எழுபதைக் கொடுத்தால் உடையத்தான் செய்யும். ஆனால் உலகில் எந்த ஆய்வகத்தில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடையும். அதனால்தான் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களோடு என்ஐஎஸ்டி என்ற நிறமாலை நூலகம் சாத்தியமானது. நறுமண எண்ணெய், சிறிய ஹைட்ரோகார்பன், பூச்சிக்கொல்லி எச்சம், டையாக்சின் என்று ஜிசி-யில் (வாயு நிறப்பிரிகையில்) ஏறக்கூடியவை என்றால் நேராக இதற்கே வாருங்கள். மின்சுமை எங்கே சுமக்கும் என்ற கேள்விகூட இங்கே தேவையில்லை. எலெக்ட்ரான் இல்லாத மூலக்கூறு ஏது?

தொல்லை என்னவென்றால், கிளைவிட்ட கார்பன் சங்கிலி, ஆல்கஹால் போன்றவற்றில் மூலக்கூறு அயனியே மிஞ்சாது. வாய்பாட்டை உறுதிசெய்ய வந்தவருக்கு அது இல்லாவிட்டால் என்ன பயன்? அப்போது அதே கருவியில் மீத்தேனோ அம்மோனியாவோ விட்டு சிஐ (வேதி அயனியாக்க) முறைக்குப் போகலாம். 1966-லிருந்தே இருக்கும் வழி.

பழைய கட்டுரைகளில் எஃப்ஏபி என்று பார்ப்பீர்கள். 1981-ல் மான்செஸ்டரில் மைக்கேல் பார்பர் கொண்டுவந்தது. கிளிசராலில் கரைத்து வேக அணுக்களால் அடிப்பது. அதன் வேலையை இஎஸ்ஐ-யும் மால்டியும் பங்குபோட்டுக்கொண்டன. டார்ட், டெசி இரண்டும் சாம்பிளை அப்படியே காற்றில் காட்டினால் போதும் என்பவை. மாத்திரையையோ இலையையோ நீட்டி உடனே பார்க்க அருமை, புதுச் சேர்மத்தின் வாய்பாட்டுக்கு முதல் தேர்வு அல்ல.

ஒரே கருவி வாங்கத்தான் பணம் என்றால்

துறைத்தலைவர்கள் கேட்பது இது. கரிம வேதியியலும் இயற்கைப் பொருளும் நடக்கும் இடம் என்றால் இஎஸ்ஐ-யோடு ஏபிசிஐ முனையைத் தனியாகச் சேர்த்து வாங்குங்கள். இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்த இரட்டை சோர்ஸ் விற்பார்கள். வசதிதான், ஆனால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. தனி முனையைக் கழற்றி மாட்டுவது கை பழகினால் சின்ன வேலை, சூடு ஆறக் காத்திருப்பதுதான் நேரம். இஎஸ்ஐ-யில் செய்த நிறை அளவுத்திருத்தம் (காலிபரேஷன்) ஏபிசிஐ-க்கும் செல்லும், ஏனென்றால் ஆர்பிட்ராப்பிலும் கியூடாஃபிலும் நிறையை அளப்பது சோர்ஸுக்கு அப்பால் நடக்கிறது. நைட்ரஜன் ஜெனரேட்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். சிலிண்டர் வைத்து ஓட்ட முடியாது. பாலிமர்க்காரர்கள் நாலு பேர் இருந்தால் மட்டும் மால்டி. ஜிசி-இஐ தனிக் கருவியாகவே இருக்கட்டும்.

மாணவர்களுக்கு: எதை டிக் அடிப்பது என்று தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், குற்றமில்லை. அதற்குப் பதில் கட்டமைப்பை வரைந்து கொடுங்கள், எதில் கரைகிறது என்று எழுதுங்கள், கடைசியாகப் போட்ட வினைப்பொருள் என்ன என்பதையும் எழுதுங்கள். அது டிபிஏஎஃப் என்றால் சிவப்பு மையில் எழுதுங்கள். அன்றைய வரிசையில் உங்கள் சாம்பிளைக் கடைசியாக ஓட்டுகிறேன்.